தேறின நத்தைகள்

“கண்ணாடியைத் துடைக்கிற நத்தை கேட்டேன். நீ கல்லறை கட்டி வச்சிருக்க.” ஒரு எழுத்து மாறாமல் இதையேதான் சொன்னார் என் வீட்டுக்காரர், சோற்றில் குழம்பை ஊற்றும்போது ஒரு தரம், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போகும்போது ஒரு தரம், உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இன்னொரு தரம், மாதா கோயில் பூசையில் பதில் சொல்வது மாதிரி. கல்லறையாம். ஆயுசில் பாதியைக் கப்பலின் வயிற்றுக்குள் எண்ணெயோடும் இரைச்சலோடும் கழித்த மனுஷனுக்கு உவமைக்கு மட்டும் குறைவில்லை. கல்லறைக்காவது வருஷத்துக்கு ஒரு நாள் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு ஆள் வரும், இந்த வீட்டுக்கு எவன் வருகிறான் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். பதில் சொல்ல விடாமல் கதவைச் சாத்துவது இவருக்குக் கைவந்த கலை. சாத்தட்டும். எனக்கு இப்போது இவரோடு சண்டை போட நேரமில்லை. சமையலறை முக்காலியை மீன் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், கையில் இட்லிச் சட்டி இறக்குகிற இடுக்கி, காலடியில் காலி ஊறுகாய் பாட்டில். முன்னறைச் சுவர் ஒன்றை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது இவருடைய கடல். தூத்துக்குடியில், கூப்பிடு தூரத்தில் நிஜக் கடல் கிடக்க, வீட்டுக்குள் இன்னொரு கடலைக் கட்டி அதற்கு விளக்குப் போட்டு, குளிர வைக்க மெஷின் போட்டு, பவளமும் கல்லும் வைத்துச் சோறு போடுகிற வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான். குழாயில் தண்ணீர் வராத கோடையில் பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா எட்டிப் பார்த்து, “உங்களுக்கென்ன ஜெசி, உப்புத் தண்ணிக்குக் குறைச்சலே இல்ல” என்றாள். சிரித்துவிட்டு அன்றைக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பினேன். இதோ, மணலில் வாய் பிளந்து கிடக்கிறது ஒரு ஓடு. கல்லுக்குப் பக்கத்தில் இன்னொன்று. நேற்று அது கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உள்ளே இருந்ததை யாரோ வழித்துத் தின்றுவிட்டு ஓட்டை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், தின்ற தட்டைக் கழுவி வைத்த மாதிரி. யார் என்று எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

பாசிதான் ஆரம்பம். பவளத்தின் மேலெல்லாம் மயிர் மாதிரிப் பச்சைப் பாசி படர்ந்து, கண்ணாடி பார்வை மங்கின கிழவன் கண்ணாகிவிட்டது. “பாசி மேயுற நத்தை வேணும், உன் தம்பிகிட்டச் சொல்லேன், சிப்பி வியாபாரம்தானே பண்ணுதான்” என்று நாள் முழுக்க இதே பாட்டு. சென்னைக் கடையில் நத்தை கிடைக்கும், ரயிலில் அனுப்புவார்கள், ஆனால் மச்சினனிடம் கேட்டு வாங்கினால்தான் இவருக்கு மரியாதை. சொன்னேன். ஜஸ்டஸ் சங்கு குளிக்கிறவர்களிடமிருந்து ஒரு ஈரச் சாக்கில் உயிரோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “பாத்து எடுத்துக்கோக்கா, உனக்குத் தெரியாததா” என்றுவிட்டு வண்டியைக் கிளப்பினான். எனக்குத் தெரியாததா. அதுதான், அந்த ஒரு வார்த்தைதான். இந்த ஊரில் சிப்பி பார்க்கத் தெரியாதவள் என்று என்னை ஒருத்தி சொல்லட்டும். அப்பாவின் சிப்பிக் கிட்டங்கியில் நான் வளர்ந்தேன். லாரியில் வந்து இறங்கினதும் எல்லாவற்றையும் மணலில் புதைப்பார்கள், உள்ளே இருக்கிற சதை அழுகி எறும்பு தின்று தீரும்வரை அந்த வாடை எங்கள் யூனிபாரத்தில்கூட இருக்கும், பெஞ்சில் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் யோசிக்கும். பிறகு தோண்டி எடுத்துக் கழுவிக் கொட்டினால் அப்பா குத்தவைத்து உட்கார்ந்து கையாலேயே பிரிப்பார், கண்ணால் பார்க்கக்கூட மாட்டார், கட்டைவிரலால் முதுகை ஒரு தடவு தடவுவார். வழுவழுவென்று, பளபளவென்று, உதடு உடையாமல் இருந்தால் தேறினது. சொரசொரவென்று முதுகில் பாசியும் சுண்ணாம்பும் ஏறி, நுனி மழுங்கி இருந்தால் கழிச்சது, சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும். நானும் அப்படியே செய்தேன். பேப்பரை விரித்து, சாக்கைக் கவிழ்த்து, கட்டைவிரலால். தேறினதெல்லாம் தொட்டிக்குள் போனது, கழிச்சதையெல்லாம் கொல்லையில் முருங்கைக்கு அடியில் வீசினேன். இவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “பரவால்ல, மச்சாடோ வீட்டுப் பொண்ணு கை மறக்கல” என்றார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பாராட்டுகளை வைத்தால் ஒரு தீப்பெட்டி நிறையாது, அதில் இது ஒன்று. அன்றைக்கு ராத்திரி இவருக்கு அப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிந்தேன்.

இப்போது போனில் படிக்கிறேன். இவர்தான் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டுப் போனார், “கான்வென்ட்ல படிச்சவதானே, இதையும் படி” என்று. இவர் மேலே இருக்கிறதை மட்டும் பார்த்திருக்கிறார். ஆபத்தில்லாத நத்தைகள் என்று படம் போட்டு வரிசையாக. தலைப்பாகை சுற்றின மாதிரி ஒன்று, பம்பரம் மாதிரி ஒன்று, எல்லாம் முதுகில் பாசி பிடித்து, நுனி தேய்ந்து, அழுக்குப் பிடித்து, பார்த்த உடனே முருங்கை மரத்தடி ஞாபகம் வந்தது. நான் கழித்ததெல்லாம் இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. பாசியிலேயே கிடந்து பாசியையே மேய்கிறது முதுகு வழுவழு என்று எப்படி இருக்கும், ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் எங்களுக்குத் தெரிந்த சிப்பியெல்லாம் செத்த சிப்பி. உள்ளே ஒன்று குடியிருந்தது, அது எதையோ தின்றது, எதையோ கொன்றது என்று அப்பாவோ நானோ ஒரு நாள் நினைத்ததில்லை. கான்வென்டில் சிஸ்டர் பெனிற்றாவின் அறையில் கண்ணாடி அலமாரி முழுக்கச் சிப்பிதான். பரிசு வாங்கினவர்கள் மட்டும் தொட்டுப் பார்க்கலாம். நான் தையலில் பரிசு வாங்கினபோது வலைக்கோடு போட்ட ஒன்றைத்தான் கையில் எடுத்தேன், பழுப்பிலும் பொன்னிலும் சின்னச் சின்னக் கூடாரம் அடித்த மாதிரி, கூம்பாக, உள்ளங்கைக்கு அளவெடுத்த மாதிரி. “கடவுளின் கைவேலை” என்றார்கள் சிஸ்டர். போனை மேலே தள்ளிக்கொண்டே போனால், கடைசியில், எந்தக் காரணத்துக்காகவும் தொட்டியில் போடக் கூடாதவை என்று ஒரு வரிசை, அதில் கடவுளின் கைவேலை. அதே வலைக்கோடுதான் தேறினதோடு சேர்ந்து என் கையால் தொட்டிக்குள் போயிருக்கிறது. மற்ற நத்தைகளைத் தின்னும். வாயில் ஊசி மாதிரி ஒரு பல், அதில் விஷம். மனுஷனைக் குத்தினால் மூச்சு நின்றுபோகலாம், மாற்று மருந்து கிடையாது, சில பேருக்குக் குத்தினது வலிக்கவே வலிக்காது. இந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வலிக்கவே வலிக்காது. வலித்தால் மட்டும் இவருக்குத் தெரிந்துவிடுமா.

சர்க்கரை முதலில் காலை எடுத்தது, பிறகு கையை. வெட்டி எடுக்கவில்லை, கை இருக்கிறது, உணர்ச்சி இல்லை. போன மழைக்காலத்தில் அடுப்பிலிருந்த தோசைக்கல்லை நகர்த்தி வைக்கிறேன் என்று வெறுங்கையால் பிடித்தார். கருகின வாடை வந்து நான் திரும்பினால், “என்ன தீயுது ஜெசி” என்று என்னைக் கேட்கிறார், கல்லைப் பிடித்தபடியே. அந்தக் கையைத்தான் சாயங்காலமானால் மோட்டாரை நிறுத்திவிட்டு முழங்கைவரை தொட்டிக்குள் விடுவார். கல்லைத் திருப்பி வைப்பார், பவளத்தை நகர்த்துவார், மணலைத் தடவிக்கொண்டே நிற்பார். கையுறை வாங்கிக் கொடுத்தேன், அதில் இப்போது பழைய ரசீதுகள் கிடக்கின்றன. “அந்தக் குளிர்ச்சியிலதான் எனக்கு விரல் இருக்குன்னே தெரியுது” என்று ஒரு நாள் சொன்னார், நல்ல மனநிலையில் இருந்தபோது, என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்து. அப்புறம் எப்படி நான் போய்ச் சொல்வேன், கையை விடாதீர்கள் என்று. ஏன் என்பார். சொல்ல வேண்டும். நான் போட்டேன் என்று சொல்ல வேண்டும். கான்வென்ட், மச்சாடோ வீடு, கட்டைவிரல் எல்லாவற்றையும் இவர் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொள்வார், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். மாட்டேன். காப்பிக்கு எழுந்திருப்பதற்குள் அதை எடுத்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. இவ்வளவுதான் விஷயம், ஒரு நத்தை, ஒரு இடுக்கி. கதவைத் தட்டி, எழுந்திருங்க, இப்படி இப்படி என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டால் போதுமே, ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு பக்கம் கேட்கிறது. தட்டினால் எழுந்து வந்து கேட்கிற ஆளா. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார், ஒரு நாள், ஒரு வாரம், நோன்பு மாதிரி. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் முதுகு மட்டும்தான் இருக்கும். முதுகைப் பார்த்துப் பேசிப் பேசி எனக்கு அந்த முதுகு முகத்தைவிடப் பழக்கம்.

நீலவால் மீன் ஒன்று என் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, இதற்கும் என்மேல் புகார். போ. மணல் அசைந்ததா. இல்லை, தண்ணீர். மணலைக் கிளறலாம், கிளறினால் கலங்கிவிடும், கலங்கினால் எழுந்து வந்ததும் கேட்பார், தவிர அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இடுக்கியை விட்டுக் குத்தினால் என் கைக்கு வராதா. வந்தால். வந்தால் இவருக்குப் புண்ணைக் கழுவி மருந்து வைக்க யார் இருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை இவர் பாதம், ஒவ்வொரு விரலிடுக்காக விளக்கடியில் பார்க்க வேண்டும், முள் குத்தியிருந்தாலும் இவருக்குத் தெரியாது, நான்தான் தெரிந்து சொல்ல வேண்டும், இங்கே வலிக்கிறது உங்களுக்கு என்று. இவர் வலியை நான் படுகிறேன். கப்பலில் இருந்தவரை இவர் ஒரு சம்பளம், ஒரு குரல், வருஷத்தில் ஒரு விருந்து. கரையேறின பிறகு நான்தான் இவருடைய என்ஜின் ரூம். நிறுத்தம் கிடையாது, ஷிப்ட் மாற்ற ஆள் கிடையாது. ஒருவேளை இது இன்றைக்கு வெளியே வரவே வராவிட்டால். வராது, பகலில் மணலுக்குள்தான் கிடக்கும் என்று போட்டிருக்கிறது. வராவிட்டால் நான் முக்காலியை எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டுக் காப்பி போடலாம். இவர் வருவார். மோட்டாரை நிறுத்துவார். எனக்கு என்ன தெரியும், நான் வீட்டில் இருக்கிற பொம்பளை, நத்தையைப் பற்றி எனக்கு என்ன தெரியும். எல்லாரும் வருவார்கள், ரெஜினா அக்கா கட்டிக்கொண்டு அழுவாள், ஜஸ்டஸ் சவப்பெட்டிக்குச் சொல்வான், காலையில் நான் எழுந்து யார் பாதத்தையும் பார்க்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. இடுக்கி மடியில் கிடக்கிறது. நான் எப்போது அதைக் கீழே வைத்தேன். செய்கிற பாவத்தைவிடச் செய்யாமல் விடுகிற பாவம்தான் சுத்தமாக இருக்கும், அதனால்தான் அது பெரிய பாவம் என்பார்கள் சிஸ்டர் பெனிற்றா. கிணற்றை நோக்கிக் கண் தெரியாத ஒருவன் நடப்பதைப் பார்த்துக்கொண்டு பூத்தையல் போடுகிறவள் என்று உதாரணம் வேறு. நாங்கள் சிரிப்போம், கிணற்றடியில் எவள் உட்கார்ந்து பூத்தையல் போடுவாள் என்று. எடு. இடுக்கியை எடு. ஜெசிந்தா, நிமிர்ந்து உட்கார்.

ஜஸ்டஸைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம், பாலிஷ் ஓடுகிறது. “ஏல, அந்தச் சாக்குல வலைக்கோடு போட்டது எத்தனை இருந்துச்சு.” “எதுக்கா.” “கேட்டதுக்குப் பதில் சொல்லு.” “ஞாபகம் இல்லக்கா, சரக்கு இறக்கிட்டு இருக்கேன், பொறவு கூப்பிடுதேன்.” வைத்துவிட்டான். இந்தக் குடும்பத்து ஆம்பளைகள் எல்லாருக்கும் பொறவு. நான் திரும்பி மணலைப் பார்த்தபோது, வலது மூலையில், கல் நிழலில், மணலிலிருந்து ஒரு குழாய் எழுந்து நின்றுகொண்டிருந்தது. யானைக்குட்டியின் துதிக்கை மாதிரி, நுனியில் கறுப்பு வளையம், மெல்ல இங்கும் அங்கும் திரும்பி, யார் வந்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கிற மாதிரி. பிறகு மணல் பிளந்து முதுகு தெரிந்தது, பழுப்பு, பொன், கூடாரம் கூடாரமாக. அழகு. இப்போதுகூட முதலில் தோன்றினது அதுதான். அப்பா பார்த்திருந்தால் தேறினது கூடையில்கூடப் போடாமல் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். இடுக்கியை விட்டேன், அகன்ற பக்கத்தில் கவ்விப் பிடித்து, வழுக்கி, மறுபடி கவ்வி, பிறந்த குழந்தையைக் கையில் வாங்குகிற கவனத்தோடு தூக்கி ஊறுகாய் பாட்டிலுக்குள் போட்டு மூடியைத் திருகினேன். கண்ணாடியில் அது பட்டு டங் என்று ஒரு சத்தம். இவ்வளவுதான். முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாட்டிலை மடியில் வைத்திருந்தேன், பிறகு பயந்து தரையில் வைத்தேன், பிறகு சமையலறைக்கு எடுத்துப் போய் உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்தேன். சொல்லப் போவதில்லை. எதையும் சொல்லப் போவதில்லை. கேட்டால், நத்தைகள் வெயில் தாங்காமல் செத்தன, முருங்கை மரத்தடியில் உயிரோடு ஏதாவது மிஞ்சியிருந்தால் பொறுக்கிப் போடுவேன், இல்லாவிட்டால் சென்னையிலிருந்து வரவழைத்துக்கொள்ளட்டும், நான் செய்தது தப்பும் இல்லை, நினைத்தது யாருக்கும் தெரியவும் போவதில்லை. பாலை அடுப்பில் வைத்தேன். இவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு இரண்டு கரண்டி. உள்ளுக்குள் ஏதோ பாட்டுக்கூட வந்தது.

பால் பொங்கும்போதுதான் ஜஸ்டஸ் கூப்பிட்டான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுப்பைக் குறைத்தேன். “ஏக்கா, வலைக்கோடு கேட்டியே, இப்பதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு. ஜோடியாப் பொறுக்கி வச்சேன், ஒண்ணு மாதிரி ஒண்ணு. உங்க வீட்டுப் பீடத்துல மாதாவுக்கு ரெண்டு பக்கமும் வைக்க அம்சமா இருக்கும்னு. மண்ணுல புதைச்சியா, சதை போக வேண்டாமா.” நான் அடுப்பை அணைத்தேன். “அக்கா, புதைச்சிட்டியா. உனக்கு நான் சொல்லணுமா.” பீடத்துக்கு எதுவுமே ஜோடியாகத்தான் வரும், மெழுகுவர்த்தி, பூச்சாடி, சிப்பி, இந்த ஊரில் மாதாவுக்கு ஒற்றையாக யாராவது எதையாவது வைத்திருக்கிறார்களா. இப்போது என் கட்டைவிரலுக்கு ஞாபகம் வருகிறது, ஒன்றைத் தடவி, அடுத்ததைத் தடவி, இரண்டும் ஒரே அச்சு என்று நினைத்தது, இரண்டையும் ஒரே கையில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினது. “அக்கா, லைன்ல இருக்கியா.” அவன் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று நினைத்தேன். வீடு நிசப்தமாக இருக்கிறது. இந்த வீட்டில் ராப்பகலாக ஓடுகிற மோட்டார் ஓடவில்லை.

முன்னறையில் முதுகு. பனியன், தோளில் துண்டு, நெஞ்சு தொட்டி விளிம்பில் சாய்ந்திருக்க வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள். “என்னங்க.” கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை, பால் பொங்குகிற சத்தத்தில் போயிருக்கும். “என்னங்க, இன்னைக்குக் கைய விடாதீங்க.” திரும்பவில்லை. கோபம் தீரவில்லை, மத்தியானத்துக் கோபம், அதுதான், வேறொன்றும் இல்லை, இவருக்கு இது புதுசா, ஒரு வாரம்கூட நிற்பார் இப்படி. “கைய எடுங்க. சொல்லுதேன்ல.” விளக்கின் நீல வெளிச்சத்தில் பிடரி மயிர் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. நான் பக்கத்தில் போனேன், இரண்டடி எடுத்து வைக்க எனக்கு இரண்டு ஊர் தாண்டின மாதிரி இருந்தது. “அதுல ஒண்ணு கிடக்கு. விஷம். நான்தான் போட்டேன், அழகா இருக்குன்னு நான்தான் போட்டேன், நீங்க சொன்னது சரி, கல்லறைதான், போதுமா.” கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் சொன்னது சரி என்று நான் சொல்லி இவர் கேட்டதில்லை, கேட்டால் திரும்பியாவது பார்ப்பார் என்று நினைத்தேன். முகத்தை எட்டிப் பார்க்கப் பயந்து கண்ணாடி வழியாகக் கையைப் பார்த்தேன். தண்ணீருக்குள் பெரிதாகி, வெளிறி, தோசைக்கல் சுட்ட தழும்போடு, மணலில் கவிழ்ந்து கிடக்கிறது கை. தடவவில்லை. கல்லைப் பிடித்திருக்கவில்லை. சும்மா கிடக்கிறது, நீலவால் மீன் விரலிடுக்கில் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது. முழங்கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது, தண்ணீரின் குளிர்தான், தண்ணீர் அப்படித்தான் இருக்கும். “பேச வேண்டாம். ஒரு வாரத்துக்குப் பேச வேண்டாம், நான் கேக்கல. ஒரு விரலை மட்டும் ஆட்டிக் காட்டுங்க.”